எக்ஸ் வீடும் பி வீடும்: இந்தியா போலியோவை விரட்டின கதை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சாக்பீஸ் குறியைப் பத்தி.

2000-களில் உத்தரப் பிரதேசத்துல மொராதாபாத் பக்கம் ஏதாவது ஒரு சந்துக்குள்ள நீங்க நடந்து போயிருந்தா, வீட்டுக் கதவுகளிலும் சுவர்களிலும் ஓர் ஆங்கில எழுத்தைப் பார்த்திருப்பீங்க. சில வீட்டில் 'பி'. சில வீட்டில் 'எக்ஸ்'. போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற குழு போட்டுட்டுப் போன குறி அது. ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருந்தால் பி. ஒரே ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் எக்ஸ். குழந்தை பாட்டி ஊருக்குப் போயிருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கலாம். வீடு பூட்டிக் கிடந்திருக்கலாம். இல்லைன்னா அப்பாவோ அம்மாவோ, "எங்க பிள்ளைக்கு வேண்டாம், நீங்க போங்க"ன்னு சொல்லியிருக்கலாம்.

அந்தக் கடைசி வகை எக்ஸ்தான் இந்த எபிசோடு.

இந்தியா போலியோவை ஒழித்ததை நாம பொதுவா ஒரு மருந்தோட வெற்றியா, இல்லைன்னா அமிதாப் பச்சன் டிவியில் வந்து அதட்டின விளம்பரத்தோட வெற்றியாத்தான் கேட்டிருப்போம். ரெண்டும் உண்மைதான். ஆனா இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேற. வேண்டாம்னு சொன்ன ஒரு பெற்றோரை எப்படி அணுகணும்ங்கிறதை ஒரு நாடு தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்ட கதை இது. அவங்களை முட்டாள்னு நினைச்ச வரைக்கும் எக்ஸ் எக்ஸாவே இருந்தது. அவங்க கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் அது பி ஆச்சு.

ஒரு எக்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

போலியோ வைரஸ் வாய் வழியா உள்ளே போகுது, மலத்தில் வெளியே வருது. கழிவு கலந்த தண்ணீர், கழுவாத கை, இதெல்லாம் அதோட பாதை. தொற்று வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. சுமார் 200 பேரில் ஒருத்தருக்குத்தான் கை கால் செயலிழக்கும். அது திரும்பி வராது. அப்படிச் செயலிழந்தவங்கள்ல 100-க்கு 5 முதல் 10 பேர், மூச்சுத் தசைகள் நின்றுபோய் இறந்துடுவாங்க. குணப்படுத்த மருந்து இன்னைக்கு வரைக்கும் கிடையாது.

இதோட அர்த்தம் என்னன்னா, ஒரு தெருவில் ஒரு குழந்தைக்குக் கால் போனதுன்னு கண்ணுக்குத் தெரியும்போது, அந்த வைரஸ் ஏற்கெனவே இருநூறு குழந்தைகளின் வயிற்றுக்குள்ள போயிட்டு வந்திருக்கும். சத்தமில்லாம. அதனாலதான் விட்டுப்போன ஒவ்வொரு வீடும் கணக்கில் வந்தது.

1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு நாளைக்குச் சராசரியாக 500-லிருந்து 1,000 குழந்தைகள் போலியோவால் முடங்கினதா மதிப்பிடுறாங்க. ஒரு நாளைக்கு. 1995 டிசம்பரில் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ திட்டம் ஆரம்பமாச்சு. ஒரே நாளில் நாடெங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து. பிறகு விட்டுப்போனவங்களைத் தேடி வீடு வீடாப் போறது. மருந்து குடிச்ச குழந்தையோட இடது சுண்டு விரலில் மை. ஓட்டுப் போட்ட மாதிரி. நம்மில் பல பேர் விரலில் அந்த மை இருந்திருக்கும், ஞாபகம் இல்லாட்டியும்.

எண்ணிக்கை வேகமா இறங்கிச்சு. 2001-ல் நாடு முழுக்க 268 பேர்தான். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. மருந்து கொடுக்கிற சுற்றுகளையும் குறைச்சாங்க. அடுத்த வருஷமே, 2002-ல், 1,600 குழந்தைகள். அதில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். பாதிக்கப்பட்டவங்கள்ல ஏழைக் குடும்பங்கள் அதிகம். மக்கள்தொகையில் அவங்க பங்கோட ஒப்பிட்டால் முஸ்லிம் குழந்தைகள் ரொம்பவே அதிகம்.

எக்ஸ் வீடுகள் எங்க நெருக்கமா இருந்ததோ, வைரஸும் அங்கதான் இருந்தது.

கதவுக்குப் பின்னால் இருந்த ஞாபகம்

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் சுத்தின வதந்தி ஒண்ணு உண்டு. இந்தச் சொட்டு மருந்தைக் குடிச்சா பிள்ளைக்கு எதிர்காலத்துல பிள்ளை பிறக்காது, எங்க ஜனத்தொகையைக் குறைக்க அரசாங்கம் பண்ற வேலை இது. இதுதான் வதந்தி. கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

எமர்ஜென்சி காலம். 1976-77, அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அதிகாரிகளுக்கு இலக்கு கொடுத்து, ஆட்களைப் பிடிச்சுக் கொண்டுவந்து பண்ணின இடங்கள் உண்டு. 1976 அக்டோபரில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில், முசாஃபர்நகரில், இதை எதிர்த்த கூட்டத்தின் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்துச்சு. ஆட்கள் செத்தாங்க.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1974, 75-ல் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தோட கடைசிக் கட்டம். பெரியம்மையை ஒழிச்சது மனித குலத்தோட மிகப்பெரிய சாதனைகளில் ஒண்ணு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா அந்த அவசரத்தில், சில இடங்களில் ராத்திரி கதவை உடைச்சு உள்ளே போய், பயந்து ஓடினவங்களைப் பிடிச்சு வச்சு ஊசி குத்தியிருக்காங்க. இதை எழுதினவங்க தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் கிடையாது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவங்களே பிற்பாடு எழுதி வச்சிருக்காங்க.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. 1976-ல் இருபது வயசுல இருந்த ஒருத்தருக்கு 2002-ல் நாற்பத்தாறு வயசு. வாசலில் அரசாங்க ஆள் ஒருத்தர் மருந்துப் பெட்டியோட வந்து நிக்கிறார். அந்த வீட்டுத் தாத்தா "வேண்டாம்"னு சொல்றார். அவர் அறியாமையில் பேசல, ஞாபகத்தில் பேசுறார். வதந்தி பொய். ஆனா அது முளைச்ச மண்ணு நிஜம்.

மூன்று கேள்விகள்

அந்த வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை மூணாப் பிரிக்கலாம்.

முதல் கேள்வி: இது எங்க பிள்ளைகளை மலடாக்குமா? இதுக்கு விஞ்ஞான பதில் சுலபம், ஆக்காது. ஆனா யார் சொல்றாங்கங்கிறதுதான் அங்க விஷயம். அரசாங்க டாக்டர் நூறு தடவை சொன்னாலும் ஏறாதது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம் சொன்னா ஏறும். அதனால 2000-களின் நடுவில் இமாம்கள், மதரசா ஆசிரியர்கள், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, இவங்க எல்லாரையும் திட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க.

ரெண்டாவது கேள்வி இதைவிடக் கஷ்டம்: எங்க தெருவில் சாக்கடை ஓடுது. குடிக்கத் தண்ணி இல்லை. பேதியில் பிள்ளை செத்தா எட்டிப்பார்க்க டாக்டர் இல்லை. ஆனா இந்தச் சொட்டு மருந்து மட்டும் எப்படி மறுபடி மறுபடி வீடு தேடி வருது? உங்களுக்கு என்ன அப்படி அக்கறை?

எவ்வளவு நியாயமான கேள்வி பாருங்க! சில கிராமங்கள் ரோடு போட்டால்தான் மருந்து எடுப்போம்னு சொல்லி சுற்றையே புறக்கணிச்சது. இதுக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. 2009-ல் உத்தரப் பிரதேசம், பீகார் ரெண்டு மாநிலத்திலும் வைரஸ் விடாப்பிடியா இருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, அங்க சொட்டு மருந்தோட சேர்த்து வேற வேலைகளையும் ஆரம்பிச்சாங்க. கை கழுவுறது, கழிப்பறை, பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், தாய்ப்பால், மற்ற தடுப்பூசிகள். வைரஸ் பரவுற வழியே கழிவுத் தண்ணிதானே? அப்போ அந்த அம்மா கேட்டது மருத்துவ ரீதியாகவும் சரியான கேள்விதான்.

மூணாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்துத் தடவை மருந்து கொடுத்தாங்க. அதுக்கும் போலியோ வந்துச்சே? அப்புறம் எதுக்கு இந்த மருந்து?

ரொம்ப நாள் இதையும் 'வதந்தி' பட்டியலில்தான் வச்சிருந்தாங்க. ஆனா அந்தத் தாய்மார்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாங்க. 2006-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது இது: அப்போ புழக்கத்தில் இருந்த மூன்று வகை சேர்ந்த சொட்டு மருந்து, டைப் 1 போலியோவுக்கு எதிரா, ஒரு தவணைக்கு உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 சதவீதம் குழந்தைகளைத்தான் காப்பாத்துது. நாட்டின் மற்ற பகுதிகளில் சுமார் 21 சதவீதம். நெருக்கடியான குடியிருப்பு, எப்பவும் பேதி, வயிற்றில் வேற கிருமிகள். இதனால மருந்து அங்க சரியா வேலை செய்யல.

இங்க நம்ம ஊர் ஆள் ஒருத்தர் வர்றார். வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வு பண்ணின டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மேலை நாட்டில் மூணு தவணை போதும், ஆனா நம்ம குழந்தைகளுக்கு அது போதலைன்னு 1970-களிலேயே வேலூர்க் குழந்தைகளை வச்சு ஆய்வு பண்ணிச் சொன்னவர். கூடுதல் தவணை வேணும்னு வாதாடினவர். மொராதாபாத்ல ஒரு அம்மா கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பாதி, முப்பது வருஷம் முன்னாடியே வேலூர்ல இருந்திருக்கு.

கேள்வியை ஒத்துக்கிட்ட பிறகு மருந்தே மாறிச்சு. 2005-ல் டைப் 1-க்கு மட்டுமான மருந்து வந்தது. 2010 ஜனவரியில் டைப் 1, டைப் 3 ரெண்டுக்கும் சேர்த்து இரட்டை மருந்து வந்தது. ரெண்டும் இந்த விஷயத்தில் பழையதைவிட நல்லா வேலை செஞ்சது.

கதவைத் திறந்தவங்க

சரி, யார் போய்ப் பேசினாங்க? யூனிசெஃபும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வலையமைப்பு உருவாக்கினாங்க. அதில் வேலை பார்த்தவங்க பெரும்பாலும் பெண்கள், அதே தெருவில், அதே மொஹல்லாவில் வாழ்றவங்க. ஒவ்வொருத்தர் பொறுப்பிலும் சில நூறு வீடுகள். உச்சத்தில் ஏழாயிரம் பேருக்கு மேல் இருந்தாங்க.

பெண்களா இருந்தது ஏன் முக்கியம்? ஆண் ஊழியர் வாசல்ல நின்னு கத்திட்டுப் போகத்தான் முடியும். பெண்ணால் சமையலறை வரைக்கும் போக முடியும். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எப்போ பிரசவம், எந்த மாமியார் முடிவெடுப்பாங்க, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தையை அன்னைக்கே நோட்டுல எழுதிப்பாங்க. அடுத்த சுற்றில் அந்தப் பேரைத் தேடுவாங்க. சின்னப் பசங்களைக் கூட்டமாச் சேர்த்து, கோஷம் போட்டுக்கிட்டே தெருவில் போய்க் குழந்தைகளைக் கூப்பிட்டுட்டு வரவைப்பாங்க. அதுக்கு 'புலாவா டோலி'ன்னு பேரு. அழைக்கும் படை.

எக்ஸை பி ஆக்கறதுதான் அவங்க வேலை. இன்னைக்குக் கதவைச் சாத்தினா நாளைக்கு. நாளைக்கும் சாத்தினா அடுத்த மாசம். சண்டை போடாம, நோய்க்கு மட்டும் வராம, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் நின்னு.

இன்னொரு பக்கம், ரயிலில் போற குழந்தைக்கு ரயிலிலேயே மருந்து. செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவங்க குழந்தைகளுக்குச் சூளையில். பீகார்ல கோசி ஆத்து வெள்ளத்தில் ஒவ்வொரு வருஷமும் இடம் மாறுற கிராமங்களுக்குப் படகில். ஒரு தேசியச் சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள்.

2009-ல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. அந்த வருஷம் உலகத்திலேயே நாமதான் அதிகம். 2010-ல் 42. 2011-ல் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணு ஜனவரி 13, மேற்கு வங்காளத்தில் ஹவுரா மாவட்டம், சொட்டு மருந்து போடாத ஒரு குழந்தை. அதுக்கப்புறம் இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் கால் போகல. 2014 மார்ச் 27 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம், இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுக்கப் போலியோ இல்லைன்னு சான்றிதழ் கொடுத்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நம்பிக்கை எப்படிச் சேருதுன்னு பார்த்தோம். எப்படி உடையுதுன்னும் பார்க்கணும்.

2011-ல் ஒசாமா பின் லேடன் ஒளிஞ்சிருக்காரான்னு தெரிஞ்சுக்க, அமெரிக்காவின் சி.ஐ.ஏ. பாகிஸ்தானில் அபோட்டாபாத்ல ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முகாம்னு சொல்லி ஒரு போலி முகாம் நடத்துச்சு. விஷயம் வெளியே வந்தது. 'தடுப்பூசிங்கிறது வெளிநாட்டுச் சதி'ன்னு அதுவரைக்கும் சொல்லிட்டிருந்தவங்க கையில் நிஜமான ஆதாரம் கிடைச்சது. 2012-ல் வடக்கு வசீரிஸ்தானில் தீவிரவாதிகள் போலியோ மருந்துக்கே தடை போட்டாங்க. அந்த டிசம்பரில் இருந்து போலியோ ஊழியர்களைச் சுட ஆரம்பிச்சாங்க, பல பேர் பெண்கள். 2014-ல், இந்தியா சான்றிதழ் வாங்கின அதே வருஷம், பாகிஸ்தானில் 306 பேருக்குப் போலியோ. அங்க அது இன்னும் முடியல.

மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

நம்ம அபார்ட்மென்ட்டுக்கு வருவோம்

'இதெல்லாம் எங்கேயோ வடக்குல, படிக்காத ஜனங்க'ன்னு நீங்க நினைச்சா, 2017 பிப்ரவரியை ஞாபகப்படுத்துறேன். தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம். ஊசி போட்டதும் பிள்ளைங்களுக்கு ஏதோ ஆகுதுன்னு வாட்ஸாப்ல ஆடியோவும் வீடியோவும் பறந்துச்சு. பள்ளிக்கூடங்களில் பெற்றோர் சம்மதிக்கல. முகாமோட நாட்களை நீட்டிக்க வேண்டியதாச்சு. அந்த ஃபார்வர்டுகளை அனுப்பினவங்க நல்லா படிச்சவங்கதான், கையில் ஸ்மார்ட்போன் இருந்தவங்கதான்.

போன மாசம் என் நண்பன் ஒருத்தன், புதுசா அப்பா ஆனவன், கேட்டான்: "மச்சி, இந்த நோயெல்லாம் இப்ப யாருக்குடா வருது? எதுக்கு இத்தனை ஊசி?" அவனைத் திட்டத் தோணல எனக்கு. அவன் தட்டம்மையைப் பார்த்ததில்லை, அதான் விஷயம். பாட்டிகளுக்கு மணல்வாரின்னா என்ன, கக்குவான் இருமல்னா என்ன, தொண்டை அடைப்பான்னா என்னன்னு தெரியும். ஊசி ஜெயிச்சதால நோய் கண்ணிலிருந்து மறைஞ்சு, இப்ப ஊசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.

நான் அவன்கிட்ட சொன்னது இதுதான். தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி, 1963-க்கு முன்னாடி, தட்டம்மை உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 26 லட்சம் பேரைக் கொன்னது. எதிர்ப்பு சக்தி இல்லாத இடத்தில் ஒரு நோயாளி 12-லிருந்து 18 பேருக்குப் பரப்புவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் வைரஸ் காத்துல இருக்கும். இதைத் தடுக்க 100-ல் 95 குழந்தைகளுக்கு ரெண்டு தவணையும் போயிருக்கணும். 2022 கடைசியில் மும்பையில், கோவண்டி பக்கம், தட்டம்மை பரவி குழந்தைகள் செத்தாங்க. 'இப்ப யாருக்கு வருது'ங்கிற கேள்விக்கு அதுதான் பதில்.

"ஆட்டிசம் வரும்ங்கிறாங்களே?"ன்னும் கேட்டான். அந்தப் பயம் 1998-ல் இங்கிலாந்தில் வெறும் 12 குழந்தைகளை வச்சு எழுதின ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. எழுதினவர் இங்கிலாந்தில் டாக்டர் உரிமத்தை இழந்தார். 2019-ல் டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

அதே நேரம், மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. ஊசி போட்ட பிறகு ரெண்டொரு நாள் காய்ச்சல், போட்ட இடத்தில் வீக்கம், அழுகை எல்லாம் வரலாம். கடுமையான அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம். அப்படி வந்தா கவனிக்கத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்றாங்க. போலியோ சொட்டு மருந்திலும் மிக அபூர்வமா மருந்தில் இருக்கிற வைரஸாலேயே பாதிப்பு வரலாம். அது தெரிஞ்சதாலதான் 2015 கடைசியில் போலியோ ஊசியையும் அட்டவணையில் சேர்த்தாங்க. 2016 ஏப்ரலில் பழைய மூவகை மருந்தை நிறுத்தினாங்க. இதை முன்னாடியே பெற்றோருக்குச் சொல்லிடணும். வாட்ஸாப்ல வேற யாராவது சொல்லி அவங்களுக்குத் தெரிய வரக்கூடாது.

அதனால உங்க வீட்டிலோ, அலுவலகத்திலோ, குடும்ப குரூப்பிலோ யாராவது தயங்கினா, மொராதாபாத் பெண்கள் செஞ்சதைச் செஞ்சு பாருங்க. முதல்ல எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேளுங்க. பயம் பக்க விளைவைப் பத்தியா, ஊசியோட வலியைப் பத்தியா, போன தடவை ஆஸ்பத்திரியில் யாரோ மரியாதை இல்லாம பேசினதைப் பத்தியா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற. லிங்க் அனுப்புறதைவிட, கூடப் போறது பலன் தரும். "நானும் வர்றேன், ரெண்டு பேரும் டாக்டரைக் கேட்போம்"னு சொல்லுங்க. ஒரே நாளில் மனசு மாறணும்னு எதிர்பார்க்காதீங்க.

சின்னக் குழந்தை இருக்கிறவங்க இன்னைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. தட்டம்மை-ருபெல்லா முதல் தவணை 9 மாதம் முடிஞ்சதும், ரெண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். பலர் விட்டுடறது இந்த ரெண்டாவதைத்தான். தேதி தள்ளிப்போயிருந்தா பரவாயில்லை, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். லேசான சளி, இருமல் இருந்தாலும் பொதுவாப் போடலாம், நர்ஸ்கிட்ட சொல்லிட்டா போதும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டவணையில் இருக்கிற எல்லாமே இலவசம். அட்டையை ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க, அட்டை தொலையும், நம்ம எல்லாருக்கும் தெரியும்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட மணல்வாரி, கக்குவான், போலியோ பத்தி அவங்க பார்த்ததைக் கேளுங்க. கேட்டதை எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தேர்ந்தெடுத்து ஒரு தனி எபிசோடு பண்ணலாம்னு இருக்கோம். அடுத்த வாரம் சந்திப்போம்.